பெங்களூரிலிருந்து நண்பர்களோடு கண்டி–பதுளை மலை ரயில்: நடுவில் எங்கே இறங்கலாம்?

விவேக்நகர் வாசி:

வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இப்போது பெங்களூரில் ஆளுக்கொரு மூலையில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள். சிவராத்திரி லீவோடு சனி ஞாயிறையும் சேர்த்து, வெளிநாட்டில் ஒரு மலை ரயிலில் போய் வர வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. முதலில் ஸ்விட்சர்லாந்து என்றுதான் ஆரம்பித்தது. விசாவுக்கு நாள் பிடிக்கிறது, செலவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. இப்போது இலங்கையில் கண்டியிலிருந்து எல்ல என்ற ஊர் வரை போகும் ரயில் என்று முடிவாகியிருக்கிறது.

காணொளிகளில் பார்த்தால் எல்லோரும் கண்டியில் ஏறுகிறார்கள், எல்லவில் இறங்குகிறார்கள், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஊர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வரைபடத்தில் நாவலப்பிட்டி, அட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. இவற்றில் எங்கே இறங்கினால் நன்றாக இருக்கும்? எந்த வகுப்பில் போவது? போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். எங்களில் இரண்டு பேர் சுத்த சைவம், அதையும் கவனத்தில் வையுங்கள்.

தண்டவாளப் பிரியன்:

நல்ல முடிவு. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. கொழும்பு நகருக்குள் போகாமல் அங்கிருந்து நேரே கண்டிக்குப் பஸ்ஸோ காரோ பிடித்துவிடலாம்.

வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பு ஏசி வேண்டாம். அதில் ஜன்னலைத் திறக்க முடியாது. மலையில் வரும் குளிர்காற்று, யூக்கலிப்டஸ் வாசனை, சுரங்கத்துக்குள் நுழையும்போது பெட்டி முழுக்கக் கிளம்பும் கூச்சல், எல்லாம் கண்ணாடிக்கு வெளியே போய்விடும். முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ எடுங்கள். ஜன்னல் திறந்திருக்கும், இருக்கையும் உங்களுக்கென்று இருக்கும். பயணத்துக்கு 30 நாள் முன்னால் இணையத்தில் முன்பதிவு திறக்கிறது. திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுவது வழக்கம். பாஸ்போர்ட் எண்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கிடைக்கவில்லை என்றால் தரகர்களிடம் மட்டும் போக வேண்டாம். என்னிடம் ஒருவர் ஒரு டிக்கெட்டுக்குக் கவுன்ட்டர் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார். முன்பதிவில்லாத டிக்கெட்டை அன்றைக்குக் காலையில் கவுன்ட்டரிலேயே எடுக்கலாம். நின்றுகொண்டு போக வேண்டி வரும், அவ்வளவுதான். நானுஓயாவில் நுவரெலியா போகிற கூட்டம் இறங்கும்போது அநேகமாக இடம் கிடைத்துவிடும்.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டிக்கு ரயில் வந்தது 1867-ல். அங்கிருந்து மலை ஏறி நானுஓயாவைத் தொட்டது 1885-ல். பாதை முடியும் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924-ல். நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். நடுவில் பல்சக்கரம் வைத்து 12.5-க்கு 1, அதாவது 12.5 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம் என்ற செங்குத்தில் ஏறும். இலங்கைப் பாதை நம் பெங்களூர்–சென்னைப் பாதையைப் போன்ற அகலப் பாதை. பல்சக்கரம் கிடையாது. ஏற்றத்தை 44-க்கு 1 என்ற அளவோடு நிறுத்திவிட்டு, மலையைச் சுற்றிச் சுற்றியே மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால்தான் ஒரே தேயிலைத் தோட்டத்தைப் பல கோணங்களில் பார்க்கிறோம். முன்னால் போகும் எஞ்சினும் வளைவுக்கு வளைவு கண்ணில் படுகிறது.

பட்டிப்பொல வந்ததும் தூங்காமல் இருங்கள். அதற்கும் ஒஹியவுக்கும் நடுவில் பாதையின் உச்சி, கிட்டத்தட்ட 1,900 மீட்டர். அங்கே ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக நுழைந்தால், அந்தப் பக்கம் ஊவா மாகாணத்தின் வெயிலில் வெளியே வர வாய்ப்பு உண்டு. அடுத்து இதல்கஸ்ஹின்ன. ரயில் மலை முதுகின் மேலேயே போவதால் இரண்டு பக்க ஜன்னலிலும் பள்ளத்தாக்கு தெரியும். யாரும் இடத்துக்குச் சண்டை போட வேண்டாம்.

எல்லவோடு நிறுத்தாதீர்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்தான் இருக்கிறது. எல்லவில் இறங்கினால் பாலத்தைப் பார்க்கலாம், அதன் மேல் போக முடியாது. தெமோதரையில் இன்னொரு அதிசயம். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில் மலையை ஒரு வட்டம் அடித்து, இறங்கி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. பதுளை வரை போய்விட்டு எல்லவுக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு தமிழன்:

இலங்கை நல்ல தேர்வுதான். இருந்தாலும் ஸ்விட்சர்லாந்தை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம், அடுத்த வருடத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று பெரிய கண்ணாடி வைத்த ரயிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஊர் மக்கள் போகும் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம், பல பெட்டிகளில் ஜன்னலும் திறக்கும். செயின்ட் மோரிட்ஸிலிருந்து கிளம்பி 2,253 மீட்டரில் ஓஸ்பிட்சியோ பெர்னினா, பிறகு அல்ப் க்ரூம், அப்புறம் ப்ரூசியோவில் ஒரு திறந்தவெளி வட்டப் பாலம், கடைசியில் 429 மீட்டரில் இத்தாலியின் திரானோ. 1910-ல் முடித்த பாதை, அதிலும் பல்சக்கரம் இல்லை. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அல்ப் க்ரூமுக்குக் கார் போகாது. ரயிலில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். அங்கே இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் போனால், பெரிய கண்ணாடி ரயிலில் போகிறவர்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.

கோத்தகிரிக்காரி:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது கோத்தகிரி, இப்போது முருகேஷ்பாளையாவில் இருக்கிறேன். என் தாத்தா பாட்டி பிறந்தது நீங்கள் கேட்கும் அந்தப் பாதையில்தான். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம்.

நாவலப்பிட்டி தாண்டியதிலிருந்து பதுளை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். 1820-களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கென்று திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து போனவர்களின் வழி வந்தவர்கள். 1869-ல் இலைநோய் வந்து காப்பி அழிய ஆரம்பித்தது, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்த ரயில் பாதை மலைமேல் ஏறியதே முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. அப்படித்தான் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் ஆனார்கள்.

எங்கள் பாட்டி ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்லுவார். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குக் கிளம்பும் வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். ஏற வந்தவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகமாக இருப்பார்களாம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம். நம் கர்நாடகத்திலும் சுள்யா, புத்தூர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். பெங்களூரில் இருக்கும் பலருக்கு இது தெரியாது.

நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போகிற பயணத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்ற நாட்டுப் பயணிகளுக்கு அந்த வசதி இல்லை. உங்களால் பேச முடியும். நானும் என் தோழிகளும் அட்டனில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ விற்ற அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்தப் பக்கம் பிள்ளைகளா?” என்று கேட்டார். தாத்தாவின் தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் மாவு மூட்டையோடு நின்றிருந்த பெரியவர், “மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?” என்றார். தோட்டத்தின் பிரிவுகளை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் விடவில்லை. தாத்தா பெயர், கோவில் எந்தப் பக்கம் என்று பாட்டி சொன்னாரா, பக்கத்தில் ஆறு உண்டா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கீழ் டிவிசன்தான் என்று அவரே சொல்லிவிட்டு, எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்றும் காட்டினார்.

அதனால் என் பதில்: அட்டனில் ஒரு ராத்திரி தங்குங்கள். மாணிக்கப்பிள்ளையார் கோவில் டவுனிலேயே இருக்கிறது. சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. காலையில் தடித்த கோதுமை ரொட்டியும் கட்டசம்பல் என்ற காரமான மிளகாய்த் துவையலும் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் சம்பலில் மாசிக்கருவாடு போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜெயநகர் ஜன்னலோரம்:

கோத்தகிரிக்காரி எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேள்விப்பட்டுப் போகிற சிலர் நேராக லயன் என்று சொல்லும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள் நுழைந்து, பத்தடிக்குப் பத்தடி அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் போன ரயிலில் வந்த ஒரு கூட்டம் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்தது. அந்தப் பெண்களுக்குக் கொழுந்து நிறை பார்த்துத்தான் அன்றைய கூலி. நின்ற நேரத்துக்கு யார் கொடுப்பார்கள்? இதற்குக் காணொளிக்காரர்களைப் போல நேரே எல்லவுக்குப் போய் இறங்கிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. சுற்றுலாப் பயணி சுற்றுலாப் பயணியாகவே இருப்பதில் தவறில்லை.

கோத்தகிரிக்காரி:

நீங்கள் சொன்னதில் முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கூப்பிடாமல் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. வேலை நேரத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை நிறுத்தக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் படத்தை யாரோ எடுத்து, கீழே ஏதோ வாசகம் போட்டு இணையத்தில் விட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் அதனால் அந்த ஊர்களில் இறங்கவே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. அட்டனும் தலவாக்கலையும் அப்புத்தளையும் கடைத்தெரு, பள்ளிக்கூடம், கோவில், பஸ் நிலையம் எல்லாம் உள்ள ஊர்கள். அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நகைக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள், கொழும்பில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களும் அந்த அறைக்குள்ளேயே அடங்கியவர்கள் கிடையாது. 2023-ல், வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். ஊருக்கு ஊர் மக்கள் சேர்ந்துகொண்டார்கள். காணியுரிமை, வீடு, நியாயமான சம்பளம் என்று தங்கள் கோரிக்கையைத் தாங்களே எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள். நீங்கள் அங்கே ஓட்டலில் சாப்பிட்டு, விடுதியில் தங்கி, கடையில் தேயிலை வாங்கினால் அந்த ஊருக்குப் பணம் போகும். எல்லவில் மட்டும் இறங்கினால் எல்லவுக்கு மட்டும்தான் போகும்.

ஜெயநகர் ஜன்னலோரம்:

பணம் எங்கே போகிறது என்ற விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சரி, அது நியாயம். வேலை நேரத்தில் படம் எடுப்பதைப் பற்றி நான் சொன்னது மட்டும் இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரட்டும்.

அல்சூர் ஏரிக்கரை:

அப்புத்தளையைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அந்தப் பாதையில் ரொம்பப் பிடித்த ஊர் அதுதான். மலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர். கடைத்தெருவில் நடந்துபோனால் ஒரு முனையில் தரையே முடிந்துபோய், தென்னிலங்கைச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் வரை தெரியும் என்பார்கள். விடியற்காலையில் எழுந்துவிடுங்கள், பத்து மணிக்குள் மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

அங்கிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்கு டவுன் பஸ் போகிறது. தாமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற முனைக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டுத் தோட்டத்து வழியாக நடந்து இறங்குங்கள், வழியெல்லாம் பள்ளிக்கூடமும் கோவிலும் வரும். டவுனில் தமிழ்க் கடைகள் நிறைய. மத்தியானச் சாப்பாட்டில் பருப்பு, பலாக்காய், கீரைச் சுண்டல், பப்படம் என்று சைவத்துக்குக் குறையே இல்லை.

இன்னொன்று. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை ஏறும் காலம். அட்டனில் தங்கினால் மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் கிடைக்கும். இரவெல்லாம் ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து இறங்குவார்கள். 2,243 மீட்டர், ஆயிரக்கணக்கில் படிக்கட்டு. நண்பர்களில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

மடிவாளா மழைத்துளி:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலையகத்தை மோசமாக அடித்தது. மண்சரிவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த ரயில் பாதையும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. இப்போதும் முழுப் பாதையும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு விமான டிக்கெட் எடுக்கலாமா?

தண்டவாளப் பிரியன்:

கேட்டது நல்லது. அப்படி நினைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. இந்த மாதிரிப் பாதையைப் பகுதி பகுதியாகத்தான் திறப்பார்கள். விமானத்துக்குப் பணம் கட்டும் முன் இலங்கை ரயில்வேயின் முன்பதிவுத் தளத்தில் எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் விற்கிறார்கள் என்று பாருங்கள். விற்கிற பகுதிதான் ஓடுகிற பகுதி. ஓடாத பகுதியைப் பஸ்ஸில் கடக்கலாம், மலைச்சாலையும் அழகுதான். நானுஓயாவுக்குக் கிழக்கே இருக்கும் பாதி ஓடினால்கூட உச்சிச் சுரங்கம், இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தெமோதரை எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், நானுஓயா பக்கம் கொட்டும். அப்போது எல்ல, பதுளை பக்கம் காய்ந்திருக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாப் பக்கத்துக்கு மழை. நீங்கள் போகும் பிப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் நல்ல காலம்.

அப்புறம், கதவில் தொங்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. படம் எடுக்கக் கதவில் சாய்ந்து உயிரை விட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் காலை உள்ளே மடக்கி வையுங்கள். சிறிய ஸ்டேஷன்களில் ரயில் நின்றதும் இறங்கி, எஞ்சின் பக்கம் போய்ப் பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாக ஒரு வட்டத் தகட்டைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் ஓட்டுநர் கையில் கொடுப்பார். அந்தத் தகடு கையில் இல்லாமல் வண்டி நகராது. நம் ஊரில் இந்த முறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அங்கே பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

விவேக்நகர் வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு நண்பர்கள் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டு இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் திட்டம் இப்படி மாறியிருக்கிறது: இறங்கிய அன்று கண்டி. மறுநாள் காலை ரயிலில் அட்டன், அங்கே ஒரு இரவு. அடுத்த நாள் அட்டனிலிருந்து அப்புத்தளை, அங்கே இரவு தங்கி விடியற்காலை லிப்டன் சீட். பிறகு ரயிலில் பதுளை வரை போய், பஸ்ஸில் எல்லவுக்குத் திரும்பி, அங்கிருந்து விமான நிலையம். பாதை எந்த அளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விமான டிக்கெட். முதல் வகுப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற நண்பன் இப்போது மூன்றாம் வகுப்பு போதும் என்கிறான்.

கோத்தகிரிக்காரி அக்காவிடம் ஒரு கேள்வி. அட்டனில் இறங்கும் நாள் சனிக்கிழமையாக இருக்கட்டுமா, ஞாயிறா? இரண்டுக்கும் வழி இருக்கிறது.

கோத்தகிரிக்காரி:

ஞாயிறு. தோட்டத்தில் அன்றைக்கு வேலை இருக்காது, சாமான் வாங்க எல்லோரும் டவுனுக்கு வருவார்கள். கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது, ஆனால் பேச ஆள் கிடைப்பார்கள். காலை ரயிலிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தோட்டத்து பஸ்களில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். தலவாக்கலைப் பக்கம் போக நேரம் இருந்தால் எனக்கு ஒரு தனிமடல் போடுங்கள் தம்பி, கீழ் டிவிசனுக்கு எந்த பஸ் என்று சொல்கிறேன். அங்கே எங்கள் பெரியம்மா வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறேன்.